பிரிக்காத பொட்டலம்

சீனாவின் யுயேயாங் படகுத்துறையின் சாமான் அறையில் வேலை பார்த்த மிங்லியெனுக்கு, கட்டி மூடி வரும் எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். பிரித்துப் பார்க்க மாட்டாள். பிரித்தால் வேலை போய்விடும். தூக்கிப் பார்ப்பாள், லேசாகக் குலுக்குவாள், மூக்கருகே கொண்டுபோவாள். உள்ளே இருப்பது கருவாடா, தாமரை விதையா, கல்யாணத்துக்கு வாங்கிய ரப்பர் செருப்பா என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொள்வாள். சொந்தக்காரர் சீட்டைக் காட்டி எடுக்க வரும்போது விடாமல் கேட்டும்விடுவாள்.

"உள்ள வாத்து முட்டைதானே? உப்புல போட்டது?"

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"சும்மாத்தான். சரியா, தப்பா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கூட வேலை பார்த்த சாய்யூன் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "எல்லாரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாங்க. நீ மோப்பத்துக்குல்ல வேலை பார்க்கிற!"

அது எண்பதுகளின் தொடக்கம். வசந்தகாலத்து முற்பகல் ஒன்றில் தோங்திங் ஏரியின் மேல் மூட்டம் இறங்கி, துறையில் கட்டியிருந்த படகின் மூக்குகூடத் தெரியவில்லை. ஜுன்ஷான் தீவிலிருந்து வந்த படகில் இருந்து ஒருவன் இறங்கி வந்தான். பழைய பஞ்சுப் போர்வை சுற்றிய பெட்டி ஒன்றை, தூங்கும் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்திருந்தான். பெயர் ஷுய்கென். தீவில் மஞ்சள் தேயிலை செய்யும் கொட்டகையில் வேலை. கரி வைத்திருந்த அறையின் கூரை ஒழுகிக் கரியெல்லாம் நனைந்துபோனதால், இரண்டாம் சூடு காட்ட வேண்டிய தேயிலையை இக்கரையில் உள்ள கிராமம் ஒன்றுக்கு அவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார் கொட்டகையின் லோ மேஸ்திரி. வந்த இடத்தில், மூட்டம் காரணமாக அந்தக் கிராமத்துக்குப் பேருந்து கிளம்பவில்லை.

"இந்தாங்க, டிராக்டர் ஏதாவது கிடைக்குதான்னு பார்த்துட்டு வந்துடுறேன். பெட்டி குளிர்ல இருக்கக் கூடாது. அப்புறம், தயவுசெஞ்சு தொறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லியிருக்கவே கூடாது. அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பெட்டியைத் தொட்டாள். சூடாக இருந்தது. பக்கத்தில் கணப்பு எரிந்ததால் இருக்கும் என்று அதைத் தூக்கி எதிர்ச்சுவரோரம், சில்லென்ற சிமெண்டுத் தரையில் வைத்தாள். நான்கைந்து பேருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சூடு அப்படியே இருந்தது. முகர்ந்தால் நனைந்த வைக்கோல் வாசனை. அதற்கு அடியில் வேகவைத்த சோளக்கதிர் மாதிரி ஒன்று.

"அக்கா, இங்க வாயேன். இதுக்குள்ள ஏதோ உயிரோட இருக்கு."

"உயிரோட இருந்தா கத்தும். பேசாம வச்சுட்டு வா."

வைக்க முடியவில்லை. தகரம் பதித்த மூடியைத் தூக்கினாள். உள்ளே பழுப்புத் தாளில் மடித்த பொட்டலங்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை ரோமம் படிந்த சின்னஞ்சிறு தளிர்மொட்டுகள், தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடிமனாக, பச்சையென்றும் மஞ்சளென்றும் சொல்ல முடியாத நிறத்தில் கிடந்தன. லேசாக ஆவி எழுந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மடித்து உள்ளே வைத்தபோது பொட்டலம் ஆறிப்போயிருந்தது.

ஷுய்கென் திரும்பி வந்தான். மூடியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகப் புறங்கையால் தொட்டான். மேலே இருந்ததில் கை நின்றுவிட்டது.

"இதை யாரு பிரிச்சது?"

"நான்தான்."

"தொறக்காதீங்கன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. சொல்லாம இருந்திருந்தா தொறந்திருக்க மாட்டேன்." அவள் முகம் சிவந்திருந்தாலும் வாய் நிற்கவில்லை. "அது இருக்கட்டும். கணப்புல இருந்து தள்ளித்தான் வச்சேன், அப்பவும் பெட்டி சூடா இருந்துச்சே, ஏன்?"

"அது அப்படித்தான் இருக்கும்."

"அதான் ஏன்னு கேட்கிறேன்."

ஷுய்கென் பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கொட்டகையில் இருக்கிறான். சூட்டோடு மடி என்றால் மடிப்பான். பெட்டியில் வை என்றால் வைப்பான். உள்ளே சூடு எங்கிருந்து வருகிறது என்று அவனை யாரும் கேட்டதில்லை. அவனும் யாரையும் கேட்டதில்லை. கோபமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராக்டரில் ஏறினான். கிராமம் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அடுத்த வாரம் அவன் மறுபடி சாமான் அறைக்கு வந்தான். பையிலிருந்து இரண்டு கண்ணாடித் தம்ளரையும் இரண்டு சின்னப் பொட்டலத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

"வெந்நீர் இருக்கா? நீங்க பண்ணின காரியத்தப் பார்க்க வேண்டாமா?"

ஒரு தம்ளரில் நல்ல மொட்டுகளையும் மற்றதில் அவள் பிரித்த பொட்டலத்து மொட்டுகளையும் போட்டு வெந்நீர் ஊற்றினான். இரண்டிலும் மொட்டுகள் முதலில் மேலே படுத்து மிதந்தன. பிறகு ஒன்றொன்றாக நுனியை மேலே நிமிர்த்தி, தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கின. சில மெல்ல அடியில் இறங்கி நின்றன. நின்றவற்றில் ஒன்றிரண்டு மறுபடி மேலே ஏறின. மிங்லியென் தம்ளரில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். சாய்யூன் அக்காவும் சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

குடித்துப் பார்த்தபோது முதல் தம்ளர் இதமாக, லேசாக இனித்தபடி தொண்டையில் இறங்கியது. இரண்டாவதில் பச்சைப் புல்லின் துவர்ப்பு நாக்கிலேயே நின்றது.

"இதுதான் வித்தியாசம். பாதியிலயே ஆறிப்போச்சு, அதான் மஞ்சளாகல" என்றான் ஷுய்கென், வழக்கில் ஜெயித்தவனைப்போல.

"சரி, ஒத்துக்கிறேன். ஆனா மொட்டு ஏன் எழுந்து நிக்குது?"

அவன் தம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். "உங்க வீட்ல எப்படித்தான் உங்கள வச்சுச் சமாளிக்கிறாங்க?"

அதன் பிறகு இக்கரைக்கு வரும்போதெல்லாம் அவன் சாமான் அறைக்கு வந்தான். விடை இருந்தால் கொண்டுவருவான். இல்லாவிட்டால் வறுத்த வேர்க்கடலையாவது கொண்டுவருவான். மறு வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. மிங்லியென் படகுத்துறையை விட்டுத் தீவுக்குப் போனாள். அவளுக்கும் கொட்டகையிலேயே வேலை கிடைத்தது.

லோ மேஸ்திரிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பேச்சே கிடையாது. வறுக்கும் சட்டியில் கையை விட்டு, மொட்டு எப்போது போதும் என்று விரல் நுனியில் சொல்லிவிடுவார். வறுத்து, கரித்தணலில் அரைகுறையாக உலர்த்தி, இளஞ்சூட்டோடு தாளில் மடித்து, பெட்டியில் அடுக்கி மூடி, இரண்டு ராத்திரி வைப்பார்கள். நடுவில் ஒருமுறை மேல் பொட்டலம் கீழும் கீழ்ப் பொட்டலம் மேலுமாக மாற்றுவது உண்டு. அதையும் மேஸ்திரியே கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். அப்போதும் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார்.

முதல் நாளே மிங்லியென் ஆரம்பித்துவிட்டாள்.

"மேஸ்திரி, பொட்டலத்துக்குள்ள என்னதான் நடக்குது?"

"மஞ்சளாகுது."

"எப்படி ஆகுது?"

"மூடி வச்சா ஆகும்."

"மூடி வச்சா ஏன் ஆகணும்?"

"தொறக்காம இருந்தா ஆகும். போய் மொட்டு பொறுக்கும்மா."

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். படகுத்துறைக் கதை அவளுக்கு முன்பே தீவுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெட்டி அறைப் பக்கம் அவள் நடந்தாலே யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்: "மேஸ்திரி, பூட்டு பத்திரம்! சாமான் அறை வருது!"

அவளும் கூடச் சிரித்துவிட்டுப் போவாள். சத்தியமாக எந்தப் பெட்டியையும் தொடவில்லை. ஒருமுறை ஒரு பொட்டலத்தைக் கெடுத்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாவது வருஷம் அது நடந்தது. பருவத்தின் முதல் பறிப்பு, எல்லாவற்றிலும் உசத்தியானது. இரண்டு ராத்திரி கழித்து மேஸ்திரி பெட்டியைத் திறந்து பொட்டலங்களைப் பிரித்தார். நடுவில் இருந்தவை அழகான மஞ்சள். ஓர் ஓரமாக இருந்த நான்கைந்து மட்டும் பச்சை மாறாமல் அப்படியே இருந்தன. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மிங்லியெனைப் பார்த்தார்கள்.

"நான் பிரிக்கல" என்றாள்.

மேஸ்திரி பச்சைப் பொட்டலங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, "நாளையில இருந்து நீ பறிக்கிறதோட நிறுத்திக்கோ. கொட்டகைக்குள்ள வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஷுய்கென் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கோபப்படாத. உண்மையச் சொல்லு. லேசா ஒரு ஓரமாவது பிரிச்சுப் பார்த்தியா?"

கொட்டகையில் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. "பிரிச்சிருந்தா ஆமாம்னு சொல்லியிருப்பேன். அன்னைக்கு உன்கிட்டச் சொல்லலையா?"

சொன்னாள்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் மிங்லியென் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தாள். 'நான் பிரிக்கவில்லை. அப்படியானால் அந்தப் பொட்டலங்கள் ஏன் பச்சையாக நின்றன?' இந்தக் கேள்வி வந்ததும் அழுகை போன இடம் தெரியவில்லை. பறிக்கும்போது கழித்துக்கட்டும் முரட்டு மொட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டு வாணலியில் வறுத்து, கைப்பிடி அளவுப் பொட்டலங்களாக மடித்தாள். ஒன்றை, குளிருக்குக் கால் வைத்துக் காயும் மரத் தொட்டியில், தணலுக்கு மேலே வைத்தாள். அது பழுப்பாகிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாசனை அடித்தது. ஒன்றை அலமாரியில் வெறுமனே வைத்தாள், பச்சையாகவே கிடந்தது. ஒன்றைப் போர்வைக்குள் சுருட்டி வைத்து, ஆசை தாங்காமல் அடிக்கடி பிரித்துப் பார்த்தாள். பிரிக்கப் பிரிக்க அது ஆறிக்கொண்டே போனதே தவிர நிறம் மாறவில்லை.

"பார்த்தா ஆக மாட்டேங்குது. பார்க்கலன்னா என்ன ஆகுதுன்னு தெரிய மாட்டேங்குது" என்று புலம்பினாள்.

ஷுய்கென் போர்வையை உதறிக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் குளிர்ல படுத்திருக்கேன், உன் தேயிலை போர்வைக்குள்ள படுத்திருக்கு" என்றான்.

சோறு வடிக்கும்போது அவளுக்கு வழி தோன்றியது. ஒரே பொட்டலத்தைப் பலமுறை பிரிப்பதற்குப் பதிலாக, ஒரே மாதிரிப் பல பொட்டலம் மடித்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை, வேறு வேறு நேரத்தில் பிரித்தால்? அதுவும் போர்வைக்குள் அல்ல, கொட்டகைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தால்? ஆனால் கொட்டகைக்குள் கால் வைக்கவே அவளுக்கு அனுமதி இல்லை.

மழை பெய்து பறிப்பு நின்றிருந்த ஒரு நாள், லோ மேஸ்திரி ஷுய்கெனைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவன் படகுக்குப் போயிருந்தான். மிங்லியென் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், வந்தவருக்கு இஞ்சியும் உப்பும் வறுத்த சோயா மொச்சையும் எள்ளும் போட்ட டீ கலந்து கொடுத்தாள். தீவில் எல்லார் வீட்டிலும் குடிப்பது அதுதான். மொட்டுத் தேயிலை வெளியூருக்குப் போகும். மேஸ்திரி குடித்து முடித்து, அடியில் ஒட்டிய மொச்சையை வாயில் விழவைக்கத் தம்ளரைக் கவிழ்த்துத் தட்டும்போது ஜன்னல் திட்டைப் பார்த்தார். தாள் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன.

"என்ன இது?"

"கழிச்ச மொட்டுதான். உங்க பெட்டியில இருந்து எடுக்கல."

அவர் எழுந்து போய் ஒன்றைக் கையில் எடுத்தார். மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாதியில பிரிச்சியா எதையாவது?"

"பிரிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் கேட்ட தொனியில் மிங்லியென் திரும்பிப் பார்த்தாள். அதட்டலே இல்லை. படகுத்துறையில் அவள் மற்றவர்களைக் கேட்பாளே, அதே குரல்.

"நீங்க பார்த்ததில்லையா, மேஸ்திரி?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் பிரிக்காதேன்னாரு. பிரிக்கல. உள்ள போகும்போது பார்த்திருக்கேன். வெளிய வரும்போது பார்த்திருக்கேன். நடுவுல..." என்று நிறுத்திக்கொண்டு கையை விரித்தார்.

அவள் தன் யோசனையைச் சொன்னாள். கேட்டு முடித்துக் கிளம்பியவர், வாசலில் குடையை விரிக்கும்போது, "மழை விட்டதும் வா. பருவக் கடைசி மொட்டுல செய்வோம். பழைய பெட்டி ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு" என்றார். இரண்டடி போய்த் திரும்பி நின்றார். "அன்னைக்குப் பச்சையா நின்ன பெட்டி இருந்த இடத்துலயே இதையும் வைப்போம்."

அப்படியே செய்தார்கள். பெரிய பொட்டலங்களுக்கு நடுநடுவே மிங்லியெனின் கைப்பிடிப் பொட்டலங்களைச் செருகினார்கள். பாதியைப் பெட்டியின் நடுவில், பாதியைச் சுவரை ஒட்டிய பக்கத்தில். நினைத்த நேரத்தில் மேஸ்திரி மூடியைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குவார். அவள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றை உருவிக்கொள்வாள். ஷுய்கென் உடனே போர்வையை அமுக்குவான். எடுத்தவற்றைப் பிரித்து, வெள்ளை எனாமல் தட்டில் இரண்டு வரிசையாகப் பரப்பிக்கொண்டே வந்தார்கள். வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். முன்பு பூட்டு பத்திரம் என்று கத்தியவள்தான் முதலில் வந்தாள்.

நடு வரிசையில் முதல் நாள் பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை, வெறும் பச்சை. பிறகு மொட்டின் அடிக்காம்பில், நகத்தில் மருதாணி ஏறுவதுபோல, லேசாக ஒரு மஞ்சள். அதற்கடுத்த பொட்டலத்தில் அது பாதிவரை ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் திடீரென்று முழு மொட்டும் மாறி, பச்சை நுனியில் மட்டும் நின்றது. புல் வாசனை போய்ச் சோள வாசனை வந்ததும் அந்த இடத்தில்தான். ஒரே பொட்டலத்துக்குள்ளும் நடுவில் கிடந்தவை முந்திக்கொண்டன, தாளை ஒட்டியவை பின்தங்கின. சுவரோரத்து வரிசையோ கடைசிவரை பச்சையிலிருந்து நகரவே இல்லை.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து தட்டையே பார்த்தார். யாரோ சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். மிளகாய் மீன் ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஏரியைப் பார்த்த சுவர். செங்கல் இடுக்கு வழியே காற்று ஊசிபோல வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் கூரை ஒழுகுகிறது என்று பெட்டியை அந்த இடத்துக்கு நகர்த்தியதே அவர்தான்.

"அன்னைக்கு இவ பிரிக்கல" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் சுவரோரமா நகர்த்தி வச்சேன். குளிர் ஏறியிருக்கு."

அவ்வளவுதான் அவருடைய பேச்சு. பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கம் பிடிம்மா" என்று மிங்லியெனைக் கூப்பிட்டார். இருவருமாக அதை அறையின் நடுவுக்கு இழுத்தார்கள்.

ஷுய்கென் அன்று வீடு போகும் வழியில், "நானும் கேட்டுட்டேன்ல உன்னை" என்றான். "கேட்கிறது தப்பில்ல. பதில் சொன்னப்புறம் நம்பணும்" என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "சரி, அடிக்காம்புல இருந்து ஏன் ஆரம்பிக்குது?" என்று கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு பெட்டி அறைக் கதவு சாத்தப்படவில்லை. மேஸ்திரி ஓய்வு பெற்றுச் சாங்ஷாவில் மகள் வீட்டுக்குப் போனபோது பெட்டிகளின் பொறுப்பு மிங்லியெனிடம் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் அவள் சில கைப்பிடிப் பொட்டலங்களைச் சேர்த்து வைப்பாள். குளிர் அதிகமான வருஷத்தில் கூடுதல் நேரமும், வெயில் முந்திய வருஷத்தில் குறைந்த நேரமும் விடுவாள். விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெண், மூடிய ஈரச்சூட்டில் இலையின் பச்சை எப்படிச் சிதைகிறது, அடியிலிருந்த மஞ்சள் எப்படி வெளியே தெரிகிறது என்று படம் போட்டு விளக்கினாள். மிங்லியென் மத்தியானம் முழுக்க அவளை எழுந்திருக்க விடவில்லை. மொட்டு தண்ணீரில் நிற்பதற்குக் காரணம் கனமான காம்பும் நுனியில் ஒட்டிய காற்றும்தான் என்பதும் அப்போது தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஷுய்கெனுக்கு முழுவதையும் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கொட்டகையை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலங்களில் ஏரிக்கரையில், ஆற்றுப்பன்றி என்று ஊரார் சொல்லும், டால்பின் இனத்து ஓங்கில்களை எண்ண வருகிறவர்களோடு போய் உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் தண்ணீரில் ஒரு கரிய முதுகு வளைந்து மறைந்தது. தூரநோக்கி வைத்திருந்தவர் "மூணு" என்றார்.

"இப்ப எழும்பினது முன்னாடி முங்கினதேதானா, இல்ல வேறயா?" என்று கேட்டாள் மிங்லியென்.

அவர் தூரநோக்கியைக் கீழே இறக்கினார். "அதத்தான் நாங்களும் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்க்கா."

"தள்ளி உட்காருங்க" என்று சொல்லி, தூரநோக்கிக்குக் கையை நீட்டினாள்.